ஒரே பிரதி, முப்பது வாசகர்கள்: 19ஆம் நூற்றாண்டுச் சங்கங்களின் கையெழுத்து இதழ்கள்

வாசகசாலை எழுதியது:

கையெழுத்துப் பத்திரிகை என்றதும் நமக்குக் கல்லூரி விடுதியும் ஊர் வாசகசாலையும்தான் நினைவுக்கு வரும். இந்த இழை அதற்கு முந்தைய ஒரு வகையைப் பற்றியது. 19ஆம் நூற்றாண்டில் பிரிட்டனில், குறிப்பாக ஸ்காட்லாந்திலும் வட இங்கிலாந்திலும், இலக்கியச் சங்கங்களும் பரஸ்பர முன்னேற்றச் சங்கங்களும் நடத்திய இதழ்கள். குமாஸ்தாக்கள், கடைச் சிப்பந்திகள், ஆலைத் தொழிலாளிகள், பள்ளி உதவி ஆசிரியர்கள் வேலை முடிந்த பிறகு ஒரு தேவாலயக் கூடத்திலோ ஞாயிறு பள்ளியிலோ கூடி, கட்டுரை வாசித்து, வாதாடிப் பழகிய சங்கங்கள் இவை. அவற்றில் பல ஓர் இதழும் நடத்தின. அந்த இதழ் பெரும்பாலும் அச்சேறவே இல்லை. கையால் எழுதி, பைண்டு செய்து, ஒரே பிரதியாக வீடு வீடாகச் சுற்றியது.

வரலாற்று நூல்களில் இவற்றைப் பற்றி ஒரு வரிக்கு மேல் கிடைப்பதில்லை. தாள் யார் வாங்கினார்கள், யார் படி எடுத்தார்கள், ஒரு பிரதியை வைத்துக்கொண்டு முப்பது பேர் எப்படிப் படித்தார்கள், கடைசியில் விட்டிருக்கும் வெற்றுப் பக்கங்கள் எதற்கு, எது கெட்டுப்போனது, ஏன்? விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

சுற்றுப்பட்டியல் எழுதியது:

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அந்த வெற்றுப் பக்கங்கள்தான் இதழின் உயிர். அவை விமரிசனத்துக்கு விட்ட இடம். படித்தவர் ஒவ்வொருவரும் அங்கே தன் கருத்தை எழுதிவிட்டுத்தான் அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும். முதலில் எழுதுபவர் கட்டுரையை மட்டும் பார்க்கிறார். பத்தாவது ஆள் கட்டுரையையும், தனக்கு முன் எழுதிய ஒன்பது பேரையும் சேர்த்துப் பார்க்கிறார். ஆகவே முதல் இரண்டு விமரிசனம் எழுத்துப்பிழை, யாப்பு, சொல்தேர்வு என்று போகும்; பின்னால் வருபவை ஒருவருக்கொருவர் பதில் சொல்லும் விவாதமாக மாறிவிடும். உள்ளடக்கப் பக்கத்தைப் பார்த்தால் இதழ் 12 கட்டுரை, 8 கவிதை என்று தெரியும். விமரிசனப் பக்கத்தைப் பார்த்தால்தான் அந்தச் சங்கம் எப்படிச் சிந்தித்தது என்று தெரியும்.

சங்கங்களின் நோக்கமும் அதுதான். சாமுவேல் ஸ்மைல்ஸ் 1859இல் வெளியிட்ட 'செல்ஃப் ஹெல்ப்' நூலின் முன்னுரையில் அதன் மூலத்தைச் சொல்கிறார். லீட்ஸ் நகரில் இரண்டு மூன்று உழைப்பாளி இளைஞர்கள் மாலையில் கூடித் தங்களுக்குத் தெரிந்ததை ஒருவருக்கொருவர் கற்றுக்கொடுத்தார்கள். கூட்டம் சுமார் நூறு பேர் ஆனது. காலரா மருத்துவமனையாகப் பயன்பட்டு யாரும் எடுக்க அஞ்சிய ஓர் அறையை வாடகைக்குப் பிடித்தார்கள். 1845இல் அவர்களுக்கு ஆற்றிய உரைகள்தான் பிறகு அந்தப் புத்தகமாக வளர்ந்தன. ஆசிரியர் என்று தனியாக ஒருவர் இல்லாத இடத்தில் ஒருவர் எழுதியதை இன்னொருவர் திருத்துவதுதான் பாடம். கையெழுத்து இதழ் அந்தப் பாடத்தின் நோட்டுப் புத்தகம்.

தாள்மடிப்பு எழுதியது:

தயாரிப்பைப் பற்றி. இரண்டு முறைகள் இருந்தன, இரண்டிலும் வெவ்வேறு கோளாறுகள்.

முதல் முறை: எழுதியவர்கள் கொடுத்த தாள்களை அப்படியே சேர்த்துத் தைப்பது. வேலை குறைவு. ஆனால் ஒருவர் ஃபுல்ஸ்கேப்பில் எழுதியிருப்பார், அது ஏறக்குறைய 13 அங்குல உயரம், 8 அங்குல அகலம். இன்னொருவர் அதில் பாதி அளவுள்ள கடிதத் தாளில் எழுதியிருப்பார். சிறு தாளைப் பெரிய தாளின் நடுவே ஒட்டினால் பின்பக்க எழுத்து மறையும். விளிம்பில் ஒட்டினால் புரட்டும்போது கிழியும். இடது ஓரத்தில் ஒன்றரை அங்குலமாவது விட்டு எழுதுங்கள் என்று விதியில் சொன்னாலும் தாளை மிச்சம் பிடிப்பவர்கள் ஓரம்வரை எழுதினார்கள். பைண்டர் மூன்று பக்கமும் ஒழுங்காக வெட்டும்போது வரியின் கடைசி எழுத்து போய்விடும். வலது ஓரத்தில் சொற்கள் அரைகுறையாக நிற்கும் தொகுதியைப் பார்த்தால் காரணம் பெரும்பாலும் பைண்டரின் கத்தி.

இரண்டாம் முறை: இதழாசிரியரோ அவர் அமர்த்திய ஒருவரோ எல்லாவற்றையும் ஒரே கையெழுத்தில் படி எடுப்பது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 80 தாள் ஃபுல்ஸ்கேப், இரண்டு பக்கமும் எழுதினால் 160 பக்கம். பக்கத்துக்கு 250 சொல் என்றால் 40,000 சொல். நிதானமாக, அழகாக, மணிக்கு 1,000 சொல் எழுதினாலும் 40 மணி நேரம். பகலெல்லாம் கணக்கர் வேலை பார்த்துவிட்டு வருபவர் தினம் இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் மூன்று வாரம். இதழ் தாமதமாவதற்கும், இரண்டாம் ஆண்டிலேயே நின்றுபோவதற்கும் வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

தையலில் ஒரு சிக்கல். புத்தகத்தை மடித்த தாள்களாகத் தைத்தால், ஊசி மடிப்பின் வழியே போகும், நூல் தாளை அறுக்காது, பக்கம் தட்டையாக விரியும். இங்கே வந்தவை தனித்தாள்கள். தனித்தாள்களை அடுக்கி, முதுகு ஓரத்தில் 3, 4 மில்லிமீட்டர் உள்ளே தள்ளிச் சுற்றித் தைத்துவிடுவார்கள். முப்பது பேர் கையில் விரித்து விரித்து, ஊசித் துளைகளின் வரிசையில் தாள் தபால்தலை ஓரம் போலக் கிழியும். நல்ல பைண்டர் ஒவ்வொரு தனித்தாளுக்கும் ஒரு அங்குல அகலக் கீற்று ஒன்றை ஒட்டி, அந்தக் கீற்றை மடித்துத் தைப்பார். செலவு கூடும், முதுகும் தடிக்கும்.

படங்கள் இன்னொரு தலைவலி. நீர்வண்ணப் படம், பேனாக் கோட்டோவியம், 1860களுக்குப் பிறகு ஒட்டிய புகைப்படம். பத்துப் புகைப்படம் ஒட்டினால் நடுப்பகுதி வீங்கி அட்டை மூடாது. அதற்காக முதுகுப் பக்கம் வெறும் கீற்றுகளைச் செருகித் தைத்து, முதுகின் தடிமனைப் படத்தின் தடிமனுக்குச் சமமாக்க வேண்டும். அப்படிச் செய்யாத தொகுதிகள் ஆப்பு வடிவத்தில் இருக்கும். மேலட்டை முதலில் பெயர்ந்துவிடும்.

வாசகசாலை எழுதியது:

அருமை. ஒரு சந்தேகம், தாள்மடிப்பு சார். படைப்பாளிகள் புனைபெயரில் எழுதினார்கள் என்று படித்திருக்கிறேன். அவரவர் கையெழுத்திலேயே சேர்த்துத் தைத்தால் யார் என்று தெரிந்துவிடாதா?

சுற்றுப்பட்டியல் எழுதியது:

தெரியும், அதனால்தான் அந்த 40 மணி நேரத்தைச் செலவிட்டார்கள். படி எடுத்தது அழகுக்காக என்று நினைப்பவர்கள் உண்டு. அழகும் ஒரு காரணம்தான். ஆனால் விமரிசனம் நேர்மையாக வர வேண்டுமானால், எழுதியவர் பக்கத்து நாற்காலிக்காரர் என்று தெரியக் கூடாது. மேலாளரும் அவரிடம் வேலை பார்க்கும் குமாஸ்தாவும் ஒரே சங்கத்தில் இருந்தால், கையெழுத்து ஒன்றே போதும், குமாஸ்தா வாய் திறக்க மாட்டார். சில சங்கங்கள் புனைபெயருக்கான திறவுகோலை மூடிய உறையில் செயலரிடம் வைத்தன. அந்தப் பட்டியல் கிடைத்தால் ஆய்வாளருக்குப் புதையல்.

பெண்கள் நடத்திய வட்டங்களில் புனைபெயருக்கு இன்னொரு பயனும் இருந்தது. எழுத்தாளர் ஷார்லட் யங்கைச் சுற்றி 1859இல் உருவான கோஸ்லிங் சொசைட்டியில் பெண்கள் புனைபெயரில் கட்டுரை எழுதி அனுப்புவார்கள். யங் 'மதர் கூஸ்', கிறிஸ்டபெல் கோல்ரிட்ஜ் 'செல்சி சைனா'. 'தி பார்னக்கிள்' என்ற அவர்களுடைய கையெழுத்து இதழ் தபாலில் சுற்றியது. குடும்பப் பெயர் வெளியே தெரியாமல் எழுதிப் பழக அது வழி செய்தது.

மாசிக்காய் எழுதியது:

மையைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. பெரும்பாலான தொகுதிகள் கெடுவது மையால்தான்.

அன்றைய கறுப்பு மை மாசிக்காய், அன்னபேதி (இரும்பு சல்பேட்), வேலம்பிசின் மூன்றும் சேர்ந்தது. அக்காலக் கையேடுகளில் வழங்கிய ஒரு விகிதம்: மாசிக்காய் 12 பங்கு, அன்னபேதி 5, பிசின் 5, தண்ணீர் 120. மாசிக்காயை இடித்துத் தண்ணீரில் காய்ச்சி வடித்து, அதில் அன்னபேதியைக் கரைப்பார்கள். மாசிக்காயின் டானின் இரும்போடு சேர்ந்து, காற்றுப் பட்டதும் கறுக்கும். பிசின் அந்தக் கரும்பொடி அடியில் தங்காமல் தாங்கும். தாளில் மை பரவாமலும் பார்த்துக்கொள்ளும்.

சிக்கல் விகிதத்தில். அன்னபேதி கூடினால் டானினோடு சேராத இரும்பு மிச்சமாகத் தாளில் நிற்கும். கூடவே கந்தக அமிலமும் உண்டாகும். அமிலம் தாளின் நாரை உடைக்கும், மிச்ச இரும்பு அந்த நார் காற்றில் ஆக்சிஜனோடு சேர்ந்து சிதைவதை விரைவுபடுத்தும். முதலில் எழுத்தைச் சுற்றிப் பழுப்பு வளையம். பிறகு மறுபக்கம் எழுத்து ஊடுருவித் தெரியும். கடைசியில் தடித்த கோடுகள் உதிர்ந்து, எழுத்து இருந்த இடத்தில் ஓட்டை. தலைப்புகளைக் கொட்டை எழுத்தில் அலங்கரித்த இதழ்களில் தலைப்புதான் முதலில் போகும், மை அங்கேதான் அதிகம்.

கைவசம் இப்படி ஒரு தொகுதி உள்ளவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஈரம் கூடவே கூடாது. மடிப்பை நேராக்க ஈரத்துணி வைப்பது, தண்ணீர் கலந்த பசையால் கிழிசலை ஒட்டுவது இரண்டுமே மிச்ச இரும்பைக் கரைத்து, எழுத்தில்லாத இடத்துக்கும் கொண்டுபோகும். சேராத இரும்பு இருக்கிறதா என்று பார்க்க பாத்தோஃபினாந்த்ரோலின் தடவிய சோதனைத் தாள் இருக்கிறது. லேசாக ஈரப்படுத்தி எழுத்தின் மேல் சில நொடி ஒற்றினால் இளஞ்சிவப்பாக மாறும். மாறினால் அது தாள் பாதுகாப்பு நிபுணர் பார்க்க வேண்டிய தொகுதி. சோதனையைக்கூட அவரே செய்வது நல்லது, அதுவும் ஈரம்தானே.

சுற்றுப்பட்டியல் எழுதியது:

இப்போது சுற்று. இதழின் முன்பக்கம் விதிகளும், அடுத்து ஒரு பட்டியலும் ஒட்டியிருக்கும்: உறுப்பினர் பெயர், முகவரி, பெற்ற நாள், கொடுத்த நாள். வரிசைப்படி கைமாற வேண்டும். ஒருவர் இரண்டு மூன்று நாள் வைத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் நாளுக்கு ஒரு பென்னி என்ற கணக்கில் அபராதம்.

30 பேர், ஆளுக்கு மூன்று நாள்: 90 நாள். காலாண்டு இதழ் என்றால் முதல் இதழ் கடைசி ஆளிடம் போய்ச் சேரும்போது அடுத்த இதழ் தயாராக இருக்கும். நாலு பேர் ஆளுக்கு ஒரு வாரம் தாமதித்தால் இரண்டு இதழ்கள் ஒரே நேரத்தில் தெருவில் திரியும்; விமரிசனத்துக்குப் பதில் எழுத வேண்டியவர் பதிலை எந்த இதழில் எழுதுவது என்று தெரியாமல் விட்டுவிடுவார். அதனால்தான் பல சங்கங்கள் காலாண்டிலிருந்து அரையாண்டு, பிறகு ஆண்டுக்கு ஒன்று என்று இறங்கின. ஆர்வம் குறைந்துவிட்டது என்று இதை விளக்குவது சரியில்லை. ஒரு பிரதி முப்பது வீடு சுற்ற எத்தனை நாள் ஆகுமோ அந்த வேகத்தில்தான் இதழ் வர முடியும்.

மாற்று வழி, 'இதழ் இரவு'. இதழாசிரியர் கூட்டத்தில் உரக்க வாசிப்பார், புனைபெயர் காப்பாற்றப்படும், விமரிசனம் வாய்மொழியாக அங்கேயே நடக்கும். வேகம் கிடைத்தது, ஆனால் வாய்மொழி விமரிசனம் நமக்குக் கிடைக்கவில்லை. கூட்டக் குறிப்பில் 'இதழ் வாசிக்கப்பட்டது, விவாதம் நடந்தது' என்று ஒரு வரி இருந்தால் அதிர்ஷ்டம்.

தபாலில் அனுப்பியவர்களின் கணக்கு வேறு. புத்தகத் தபால் 1848இல் வந்தது. 1855 முதல் 4 அவுன்சுக்கு 1 பென்னி. பைண்டு செய்த தொகுதி 2 பவுண்டு எடை என்றால், அதாவது 32 அவுன்ஸ், ஒரு கைமாற்றுக்கு 8 பென்னி. முப்பது கைமாற்றுக்கு 240 பென்னி, சரியாக ஒரு பவுண்டு ஸ்டெர்லிங். பொட்டலத்தின் முனைகளைப் பிரித்துப் பார்க்கும்படி திறந்து வைக்க வேண்டும், உள்ளே கடிதம் இருக்கக் கூடாது. உள்ளூர்ச் சங்கங்கள் கையில் கொண்டுபோய்க் கொடுத்ததும், தபால் வட்டங்கள் ஆள் எண்ணிக்கையைக் குறைத்து மெல்லிய தாளில் எழுதியதும் இதனால்தான்.

அச்சுக்கோப்பு எழுதியது:

நல்ல இழை. ஆனால் எல்லோரும் கையெழுத்துப் பிரதியையே உச்சமாகப் பேசுவது எனக்கு ஒப்பவில்லை. அச்சுக்குப் போன சங்க இதழ்களையும் பார்க்க வேண்டும், அவை சாதித்தது பெரிது.

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்து லோவெல் நகரம். பருத்தி ஆலைகளில் வேலை பார்த்த இளம்பெண்கள் தேவாலயத்தை ஒட்டிய முன்னேற்ற வட்டங்களில் கூடினார்கள். யூனிவர்சலிஸ்ட் சபைப் போதகர் ஆபெல் தாமஸ் நடத்திய வட்டத்தில் கட்டுரைகளைப் பெயரில்லாமல் கொடுப்பார்கள், அவர் உரக்க வாசிப்பார், பிழை திருத்துவார். நீங்கள் சொல்லும் இதழ் இரவேதான். அதிலிருந்து 1840 அக்டோபரில் 'லோவெல் ஆஃபரிங்' அச்சில் வந்தது. தொடக்க இதழ்கள் 16 பக்கம், விலை ஆறேகால் சென்ட். 1841 முதல் மாத இதழ். 1842 இறுதியில் ஆலையில் வேலை பார்த்த ஹாரியட் ஃபார்லியும் ஹாரியட் கர்ட்டிஸும் ஆசிரியர் பொறுப்பை ஏற்றார்கள். 1845 டிசம்பர்வரை நடந்தது. அந்த ஊருக்கு 1842இல் வந்த டிக்கன்ஸ் 400 பக்கம் வாங்கிப்போய் முழுவதும் படித்ததாகத் தன் அமெரிக்கப் பயண நூலில் எழுதினார். 1844இல் லண்டனில் சார்லஸ் நைட் ஒரு தொகுப்பே வெளியிட்டார். ஒரே பிரதியாக முப்பது வீடு சுற்றியிருந்தால் இது நடந்திருக்குமா?

எடின்பரோவில் 1865இல் 19 வயது சாரா மேர் தொடங்கிய பெண்கள் கட்டுரைச் சங்கத்தையும் பாருங்கள். அபர்குரோம்பி பிளேசில் அவர் வீட்டுச் சாப்பாட்டு அறையில் கூடினார்கள். 'தி அட்டெம்ப்ட்' என்ற இதழ் 1865 முதல் 1874வரை, பிறகு 'லேடீஸ் எடின்பரோ மேகஸின்' என்ற பெயரில் 1880வரை. சங்கம் விவாத மன்றமாக 1935வரை நீடித்தது. இன்று நாம் அந்த எழுத்தைப் படிக்க முடிவதற்கு அச்சுதான் காரணம்.

சுற்றுப்பட்டியல் எழுதியது:

லோவெல் பெரிய சாதனை, அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அச்சுக்குப் போனபோது எது கழன்றது என்று பாருங்கள். வட்டத்தில் யார் என்ன திருத்தினார்கள், எந்தப் பத்தியை எதிர்த்தார்கள் என்பது 'ஆஃபரிங்' பக்கங்களில் இல்லை. அச்சில் வருவது திருத்தி முடித்த கட்டுரை. மறுப்பு வெளியே வந்தபோது இதழுக்கு வெளியேதான் வந்தது. 1840இல் அதே இதழில் ஆலை வாழ்வின் இன்பங்களைப் பற்றி எழுதிய சாரா பாக்லி, 1845 ஜூலையில், ஆலைகளைக் குறைகூறும் தன் கட்டுரைகளை இதழ் ஏற்கவில்லை என்று பொதுக்கூட்டத்தில் குற்றம் சாட்டினார். ஃபார்லி மறுத்தார். விமரிசனப் பக்கம் உள்ள கையெழுத்து இதழாக இருந்திருந்தால், அந்தச் சண்டை கட்டுரைக்குப் பத்துப் பக்கம் தள்ளி நம் கண் முன்னே நடந்திருக்கும்.

அச்சுக்குச் சந்தாதாரர் வேண்டும். சந்தாதாரருக்குப் பிடிக்காததைப் போட முடியாது. முப்பது பேருக்கான ஒரே பிரதிக்கு அந்தக் கட்டாயம் இல்லை. காசில்லாததால் கையால் எழுதினார்கள் என்று சொல்லி நிறுத்திவிடக் கூடாது. மான்செஸ்டர் பென்னட் தெருவின் செயின்ட் பால் ஞாயிறு பள்ளியைச் சேர்ந்த சங்கம் 1855இல் தொடங்கிய 'ஆட்ஸ் அண்ட் எண்ட்ஸ்' என்ற கையெழுத்து இதழ் பல தலைமுறை நடந்தது. அவர்களைச் சுற்றி ஊர் முழுக்க அச்சகம். தெரிந்தேதான் கையால் எழுதினார்கள்.

அச்சுக்கோப்பு எழுதியது:

விமரிசனப் பக்கம் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் காசைத் தள்ளிவிடாதீர்கள். தாளுக்கு மட்டும் பவுண்டுக்கு ஒன்றரை பென்னி வரி, 1861 அக்டோபர்வரை. கையெழுத்துப் பிரதிக்கு ஒரு தடவை ஒரு கட்டுத் தாள் போதும். 200 பிரதி அச்சடித்தால் 200 மடங்கு தாள், ஒவ்வொரு தாளிலும் வரி. விற்காத பிரதி சங்கத்தின் நஷ்டம்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி 1880ஐ ஒட்டி வந்தது, ஹெக்டோகிராஃப் என்ற ஜெல்லிப் படி. நம்மூர் அலுவலகங்களில் சைக்ளோஸ்டைல் என்ற சொல் நெடுநாள் புழங்கியதே, டேவிட் கெஸ்டெட்னர் 1881இல் காப்புரிமை பெற்ற அந்தக் கருவியும் அதே காலத்தது. மெழுகுத் தாளில் துளையிட்டு மை உருட்டுவது. ஜெல்லிப் படிக்கு அந்தச் செலவுகூட இல்லை, சமையலறையிலேயே செய்யலாம்.

செய்முறை: ஜெலட்டின் 1 பங்கு எடை, குளிர்ந்த நீர் 2 பங்கில் இரவு முழுக்க ஊறட்டும். கிளிசரின் 6 பங்கைக் கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துச் சூடாக்கி, ஊறிய ஜெலட்டினை அதில் கரைக்க வேண்டும். நேரடி நெருப்பு ஆகாது, ஜெலட்டின் அடிப்பிடித்து இறுகும் தன்மையை இழந்துவிடும். அரை அங்குல ஆழமுள்ள தகரத் தட்டில் ஊற்றி, மேலே மிதக்கும் குமிழியை அட்டை விளிம்பால் ஓரத்துக்கு இழுத்துவிட்டு, சமமான மேசையில் ஆறவைக்க வேண்டும். குமிழி நின்றுவிட்டால் அந்த இடத்து எழுத்து எல்லாப் பிரதியிலும் வெள்ளைப் புள்ளியாக விழும்.

மை அனிலின் ஊதா. சாயத்தைக் கொஞ்சம் சாராயத்தில் நனைத்து, ஏழெட்டு மடங்கு தண்ணீர், சில துளி கிளிசரின். வழவழப்பான கெட்டித் தாளில் எழுதி, ஒற்றுத்தாள் போடாமல் தானாக உலரவிட வேண்டும். ஒற்றினால் படிக்கு வேண்டிய சாயம் ஒற்றுத்தாளோடு போய்விடும். ஜெல்லியை ஈரப் பஞ்சால் துடைத்து, ஈரம் உலர்ந்ததும் எழுத்துப் பக்கத்தைக் கீழாக வைத்து இரண்டு மூன்று நிமிடம் அழுத்தி உரிக்க வேண்டும். எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோலத் திரும்பி ஜெல்லியில் நிற்கும். வெற்றுத் தாளை வைத்துத் தடவி எடுத்தால் நேரான பிரதி. முதல் பத்துக்குச் சில நொடி போதும், போகப்போக நேரம் கூட்ட வேண்டும். ஊதாவில் 40, 50 படிவரை தெளிவு. வேறு நிறங்களில் குறைவு. முடிந்தவுடன் வெதுவெதுப்பான நீரில் பஞ்சால் துடைக்க வேண்டும், அல்லது ஒன்றிரண்டு நாள் சும்மா விட்டால் சாயம் தானாக அடியில் இறங்கிவிடும். கோடையில் ஜெல்லி இளகித் தாளோடு ஒட்டி வந்தால் ஜெலட்டினைக் கூட்ட வேண்டும். குளிரில் கட்டியாகிச் சாயத்தை வாங்காவிட்டால் கிளிசரினை.

மாசிக்காய் எழுதியது:

அதில் ஒரு பெரிய குறை, அச்சுக்கோப்பு சார். அந்த ஊதாச் சாயம் வெயிலில் நிற்காது. மாசிக்காய் மை தாளைத் தின்னும், ஆனால் எழுத்து பழுப்பாகவாவது இருக்கும். அனிலின் ஊதா தாளை விட்டுவிட்டு எழுத்தே மறைந்துவிடும். ஐம்பது பிரதி போட்ட இதழ் ஒன்றுகூடக் கிடைக்காமல், ஒரே பிரதி எழுதிய இதழ் கிடைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒரு பிரதிதான் என்பதால் யாராவது அதைக் காப்பாற்றினார்கள் என்பது இன்னொன்று.

தாள்மடிப்பு எழுதியது:

தேதியில்லாத தொகுதிகளுக்கு ஒரு குறிப்பு. பக்கத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் நீர்க்குறியில் பல சமயம் ஆண்டு இருக்கும். தாளை ஏற்றுமதி செய்து வரியைத் திரும்பப் பெற வேண்டுமானால் நீர்க்குறியில் ஆண்டு இருக்க வேண்டும் என்று 1794இல் பிரிட்டனில் சட்டம் வந்தது. 1811இல் அந்தக் கட்டாயம் நீங்கிய பிறகும் ஆலைகள் வழக்கத்தை விடவில்லை. நீர்க்குறியில் உள்ள ஆண்டுக்கு முன் அந்தப் பக்கம் எழுதப்பட்டிருக்க முடியாது, அவ்வளவுதான் உறுதி. ஒரே தொகுதியில் பல ஆண்டுக் குறிகள் வந்தால், அவரவர் தாளைச் சேர்த்துத் தைத்த முதல் முறை என்றும் தெரிந்துவிடும்.

திருவல்லிக்கேணி எழுதியது:

சென்னைப் பக்கம் ஒரு தொடர்பு உண்டே. திருவல்லிக்கேணி இலக்கியச் சங்கத்து இளைஞர்கள் ஆறு பேர்தான் 1878 செப்டம்பர் 20இல் 'தி ஹிந்து'வைத் தொடங்கினார்கள். ஒன்றேமுக்கால் ரூபாய் கடன், 80 பிரதி, மிண்ட் தெரு ஸ்ரீநிதி அச்சகம், பிரதி நாலணா, வாரம் ஒரு முறை. இதையும் இந்த வரிசையில் சேர்க்கலாமா?

சுற்றுப்பட்டியல் எழுதியது:

சங்கத்தில் பேசிப் பழகியவர்கள் பத்திரிகைக்குப் போனார்கள் என்ற அளவில் சேர்க்கலாம், அது உண்மையான உறவு. ஆனால் அது சங்கத்தின் இதழ் இல்லை. முத்துசாமி ஐயர் உயர்நீதிமன்ற நீதிபதியானதை ஆங்கிலேயர் பத்திரிகைகள் தாக்கியதற்குப் பதில் சொல்லப் பிறந்த செய்தித்தாள். படித்தவர்களே திருப்பி எழுதும் பக்கம் அதில் கிடையாது. நான் இந்த வகையைப் பிரிக்கும் கோடு அங்கேதான் இருக்கிறது.

வாசகசாலை எழுதியது:

கடைசியாக ஒன்று. ஒரு நூலகத்திலோ குடும்பத்திலோ இப்படி ஒரு தொகுதி கிடைத்து, படமெடுத்து வைக்கப் போகிறார்கள் என்றால் எதைக் கவனிக்கச் சொல்வீர்கள்?

சுற்றுப்பட்டியல் எழுதியது:

கட்டுரைகளை மட்டும் எடுத்துவிட்டு 'வெற்றுப் பக்கங்கள் விடப்பட்டன' என்று எழுதிவிடுவார்கள். அதுதான் மிக அதிகமாக நடக்கும் தவறு. அட்டை முதல் அட்டைவரை, வெற்றுப் பக்கம் உட்பட, வரிசையாக எடுக்க வேண்டும். ஒன்றும் எழுதாமல் விட்ட விமரிசனப் பக்கமும் ஒரு செய்திதான்: பன்னிரண்டு பக்கம் விட்டு மூன்றுதான் நிறைந்தது என்றால் அந்த இதழ் பாதிச் சுற்றில் நின்றிருக்கலாம். முன்பக்கச் சுற்றுப் பட்டியலின் தேதிகளோடு ஒப்பிட்டால் யாரிடம் நின்றது என்றுகூடத் தெரியும்.

விமரிசனத்தின் கையெழுத்தையும் அந்தப் பட்டியலின் வரிசையையும் சேர்த்துப் பார்த்தால் விமரிசகர்களில் பலரை அடையாளம் காணலாம். ஐந்தாவது விமரிசனம் பட்டியலில் ஐந்தாவது ஆளுடையதாக இருக்க வாய்ப்பு அதிகம், இடையில் யாரும் எழுதாமல் தாண்டியிருக்காவிட்டால். சங்கத்தின் கூட்டக் குறிப்பேட்டில் உறுப்பினர் கையொப்பம் இருந்தால் அதோடு ஒத்துப்பாருங்கள். தேடும்போது 'இதழ்கள்' என்ற தலைப்பில் மட்டும் தேடாதீர்கள். தேவாலயப் பதிவேடுகளின் கூட்டத்திலும், செயலராக இருந்தவரின் குடும்பத் தாள்களிலும்தான் இவை பெரும்பாலும் ஒளிந்திருக்கும்.

தாள்மடிப்பு எழுதியது:

ஒரு சேர்ப்பு. 180 பாகைக்கு விரிக்காதீர்கள், சுற்றித் தைத்த முதுகு அங்கேயே அறும். 90 பாகைக்கு விரித்து, இரு பக்கமும் தாங்கல் கொடுத்து, முதலில் வலப்பக்கங்கள் எல்லாம், பிறகு திருப்பி வைத்து இடப்பக்கங்கள் எல்லாம் என்று எடுங்கள். முதுகு ஓரத்தில் எழுத்து மறைந்தால் பக்கத்தை அழுத்தாமல் கேமராவைச் சாய்த்து இன்னொரு படம் எடுங்கள்.

இடையில் உதிரிச் சீட்டுகள் கிடக்கும்: அபராத ரசீது, தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்ட குறிப்பு, விமரிசனத்துக்கு இடம் போதாமல் செருகிய தாள். எடுத்துத் தனியே அடுக்கிவிட்டால் எந்தக் கட்டுரைக்கு எழுதியது என்பது போய்விடும். கிடந்த இடத்திலேயே ஒரு படம், எடுத்த பிறகு முன்பின் இரண்டு படம், பென்சிலால் உறையின் மேல் பக்க எண். பிறகு அமிலமில்லாத உறையில் போட்டு அதே தொகுதியின் பெட்டிக்குள்.